பல் பதிந்த கைப்பிடி

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அக்டோபர் முடிகிற சமயம். சாலைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே காய்ந்து நின்ற மக்காச்சோளம். நடுவில் ஒரு வண்டி... ஒரே ஒரு வண்டிதான்.

ஓட்டிக்கொண்டு போனவர் லோவெல் நீகாம்ப். என்னோடு தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறானே டுவைட், அவனுடைய தாய்மாமன். டுவைட் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். புகை இந்தப் பக்கம் வருகிறது.

லோவெலுக்கு அறுபத்தெட்டு வயது அப்போது. பேருந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிற்சாலையில், தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றவர். அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. காது மெஷின் வைத்தால் எதிரே இருப்பவர் பேசுவது ஏதோ கொஞ்சம் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. இடி இடித்தாலும் ஜன்னலில் வெளிச்சம் அடித்தால்தான் தெரியும்.

மனைவி கொரீன் இருந்தவரை காலையில் எழுந்ததும் மெஷினை மாட்டிக்கொள்வார். அவள் போய் மூன்று வருஷம். அதற்குப் பிறகு அது சமையலறை மேசை மேல் ஒரு சாஸரில் கிடந்தது. வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சுவரில் இருந்த போனைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மகள் தூரத்து ஓரிகன் மாநிலத்தில் இருந்து செல்லில் நாலு வரி எழுதி அனுப்புவாள். 'நல்லா இருக்கேன்' என்று இவர் பதில் அனுப்புவார். அவ்வளவுதான் பேச்சு.

அப்படிப்பட்டவர் சேர்த்து வைத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? சத்தம் போடுகிற சாமான்களை. அக்டோபர் கடைசி ராத்திரி, ஹாலோவீனுக்கு, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டுத் தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போவார்களே, பழைய தகரக் கிலுகிலுப்பைகள். ஆரஞ்சும் கறுப்புமாக, பூனை, ஆந்தை, விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரி என்று படம் அச்சடித்தவை. பொரிக்கும் சட்டி மாதிரி ஒன்று, ஊதல் ஒன்று, சுழற்றினால் கறகற என்று அலறுவது ஒன்று... முன்னறையில் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்கத் தகரம்.

காப்பிக் கடையில் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"ஏன் லோவெல், நீ சேக்குறது தகரமா, சத்தமா?" என்று ஒருவர் காதருகே வந்து கத்துவார்.

"தகரம்தான். சத்தத்துக்குத்தான் நீ இருக்கியே" என்பார் இவர்.

உண்மையில் அவருக்கு அதில் பிடித்தது தகரம்தான். தன் கை அறிந்த வேலை. ஒரு கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. மரம் என்றால் பெரும்பாலும் முந்தியது. போர் நடந்த வருஷங்களில் தகரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, பொம்மைக்கு ஏது? பூனையின் முகம் குழந்தை மாதிரி உருண்டையாக இருந்தால் பிற்காலம். பல்லைக் காட்டி முறைத்தால் பழசு. மடித்த ஓரத்தை நகத்தால் தடவி, அச்சு புதிதாக இருந்தபோது அடித்ததா, தேய்ந்த பிறகு அடித்ததா என்றுகூடச் சொல்வார். தப்பினால் இரண்டு வருஷம் முன்னே பின்னே. அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் போய்க்கொண்டிருந்தது ஒரு பண்ணை வீட்டுக்கு. லியோனா ப்ரெக்மேன் என்று ஒரு கிழவி. எண்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்து, இப்போது டவுனில் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். வீட்டுச் சாமான்களை விற்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். பகலிலேயே எல்லாரும் வந்து போய்விட்டார்கள். களஞ்சியத்தில் நாலைந்து மேசைகள் காலியாகக் கிடந்தன. கடைசி மேசையில் மட்டும் ஒரு சுழல் கிலுகிலுப்பை. பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். விற்க உட்கார்ந்த மாதிரி இல்லை... காவலுக்கு உட்கார்ந்த மாதிரி.

லோவெல் மெஷினை மாட்டிக்கொண்டுதான் போயிருந்தார். எடுத்துப் பார்த்தார். மரக் கைப்பிடி. அதன் முனையில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு மரப் பல்சக்கரம். பெட்டியைச் சுழற்றினால் தகர நாக்கு பல்லுக்குப் பல் தட்டி விழும். பூனை முகம், பல்லைக் காட்டி முறைக்கிற பூனை. மடிப்பு ஓரம் கூர்மை.

"முப்பதுகளோட கடைசி. முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்றார்.

"முப்பத்தெட்டு. வாங்கும்போது நான் கூட இருந்தேன்" என்றாள் கிழவி.

கைப்பிடியைத் திருப்பினார். அதன் அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். மரம் நசுங்கி, வழுவழுத்து, கறுத்துப் போயிருந்தது.

"நாய்க்குட்டி கடிச்சிருக்கா அம்மா?"

"இல்ல. என் தம்பி."

லோவெல் நிமிர்ந்து பார்த்தார்.

"எமெட்னு பேரு. அவனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. எல்லாப் பிள்ளைங்களும் கிலுகிலுப்ப ஆட்டிச் சிரிக்கும், இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பான். ஒரு நாள் பிடிய வாயில கடிச்சுக்கிட்டுப் பெட்டியக் கையால சுத்தினான். மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. பல்லு வழியா உள்ள கேட்டிருக்கு அவனுக்கு. அன்னியிலருந்து கடிச்சது கடிச்சதுதான். தூங்கும்போதுகூட."

"எப்படிக் கூப்பிடுவீங்க அவன?"

"தரையில ரெண்டு மிதி மிதிப்போம். பலகையில அதிரும்ல. திரும்பிப் பாப்பான்."

"என் பொண்டாட்டியும் அப்படித்தான்" என்றார் லோவெல். "சாப்பாடு ரெடின்னா சமையக்கட்டுல ரெண்டு மிதி."

கிழவி முதல் தடவையாகச் சிரித்தாள். மெஷினைப் பார்த்தாள். "அப்ப ஒங்களுக்குப் புரியும்" என்றாள்.

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். வாங்கி இரண்டு வருஷம் கழித்து வந்த ஹாலோவீன் அன்று மூடுபனி. பிள்ளைகள் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எமெட் சோளத்துக்குள் புகுந்துவிட்டான். விளையாட்டுக்குத்தான். பிறகு வழி தெரியவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்து கத்தினார்கள். மாதா கோவில் மணியைக்கூட அடித்தார்கள். கேட்காத பிள்ளைக்கு யார் கத்தி என்ன? லாந்தர் வெளிச்சம் கை நீட்டுகிற தூரத்துக்கு மேல் போகவில்லை.

"ஆனா எங்களுக்கு அவன் சுத்துற சத்தம் கேட்டுது தம்பி. கறகற... கறகறன்னு. இந்தப் பக்கம் ஓடுவோம், அந்தப் பக்கம் கேக்கும். விடியுற வரைக்கும் சுத்திச் சுத்தி... அப்புறம் நின்னுபோச்சு."

"கிடைச்சானா?"

"இது கிடைச்சுது. சோளம் ஒடிச்சு முடிச்ச பிறகு வரப்புல கிடந்துது. அவன் கிடைக்கல."

களஞ்சியத்தில் பழைய வைக்கோலும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"நான் போற எடத்துல ஒரு கட்டில், ஒரு அலமாரி. அங்க இவனக் கொண்டுபோய் என்ன பண்ண?" என்றாள். கிலுகிலுப்பையை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். 'இவன்' என்றுதான் சொன்னாள். லோவெல் கவனித்தார். அவள் கேட்டதற்காகத் தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து அதைத் தட்டில் மற்றவற்றோடு வைத்தார். மெஷினைக் கழற்றிச் சாஸரில் போட்டார். டப்பாவைத் திறந்து பீன்ஸைச் சுட வைத்துத் தின்றார். படுக்கப் போனார். பாதிப் படியில் நின்றார்.

திரும்பி இறங்கி வந்து, அதை எடுத்து, அந்தப் பிள்ளை கடித்த இடத்திலேயே பல்லை வைத்தார். மரத்தில் ஒரு உப்புச் சுவை. பெட்டியை விரலால் மெதுவாகச் சுழற்றினார்.

கற... கற... கற...

தலைக்குள் கேட்டது. மெஷினில் கேட்கிற இரைச்சல் மாதிரி இல்லை. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, தெளிவாக, தன் சின்ன வயதில் கேட்ட மாதிரி. லோவெல் அந்த இருட்டு அறையில் நின்றபடி சுற்றிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அதுதான். நாற்காலியில் உட்கார்வார், கடிப்பார், சுற்றுவார். டுவைட்டிடம் பின்னால் சொன்னாராம்: "அத்த செத்ததுக்கு அப்புறம் இந்த வீட்டுல எனக்குக் கேட்ட முதல் சத்தம்டா அது."

ஹாலோவீன் வந்தது.

அந்தச் சாலையில் பிள்ளைகள் வருவதில்லை. வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டார்கள். கொரீன் மட்டும் விடமாட்டாள், வாசல் விளக்கைப் போட்டு மிட்டாய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். விளக்கு எரிந்தால்தானே பிள்ளைகள் படி ஏறும். அவள் போன பிறகு அந்த விளக்கை அவர் போட்டதே இல்லை.

அன்றும் போடவில்லை. வெளியே மூடுபனி. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த சோளம் கலங்கலாகத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. லோவெல் வழக்கம்போல உட்கார்ந்தார். கடித்தார். கொஞ்ச நேரம் சுற்றினார். தாடை வலித்ததும் நிறுத்தினார். கிலுகிலுப்பையை மடியில் வைத்தார்.

கற... கற...

நிற்கவில்லை.

மடியைப் பார்த்தார். அது அசையவில்லை. தாடைக்குள் மட்டும் சத்தம். மெல்லிதாக... தூரத்தில். எழுந்து போய் மெஷினை மாட்டினார். கடிகாரம் ஓடுவது கேட்டது, குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை. கழற்றினார்.

கற... கற... கற...

வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஈரச் சருகு வாடை முகத்தில் அடித்தது. வாசல் தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் கூடியது. சோளத்துக்குள் இருந்துதான். இடப்பக்கம் போகிறது... வலப்பக்கம் வருகிறது... சுற்றுகிறது.

அவருக்குப் பயம் வரவில்லையாம். அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பாவம், எத்தனை வருஷமாகச் சுற்றுகிறான், யாரும் அவனை அவனுக்குத் தெரிகிற மாதிரி கூப்பிடவே இல்லையே என்றுதான் தோன்றியதாம். கத்திப் பயனில்லை. காது கேட்காத ஒருவனுக்கு, காது கேட்காத இன்னொருவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதா?

சுவரில் இருந்த சுவிட்சில் கை வைத்தார். வாசல் விளக்கைப் போட்டார். அணைத்தார். போட்டார். அணைத்தார்.

கறகற சத்தம் நின்றது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாடையில் மறுபடியும்... இந்தத் தடவை சுற்றவில்லை. நேராக வந்தது.

போட்டார். அணைத்தார். நின்றது. வந்தது. சாலையின் அந்த ஓரம். போட்டார், அணைத்தார். சாலையின் இந்த ஓரம். பற்கள் ஒன்றோடொன்று தட்டத் தொடங்கின. குளிராலா, சத்தத்தாலா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக விளக்கைப் போட்டார். அணைக்கவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.

"வாப்பா. உள்ள வா" என்றார். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

சத்தம் நின்றது. வாசல் பலகையில் யாரோ காலை வைத்தார்கள். அவர் உள்ளங்காலில் உணர்ந்தார். கனமில்லாத கால். கண்ணுக்கு எதிரே எரிகிற விளக்கும் பனியும்தான். அவரைக் கடந்து ஏதோ உள்ளே போனது. ஈரத் துணி ஒன்று முழங்கையில் உரசிய மாதிரி இருந்தது.

லோவெல் அப்படியே நின்றார். திரும்பலாமா வேண்டாமா என்று நின்றார்.

அப்போதுதான்... பின்னால், சமையலறையில், தரைப் பலகை அதிர்ந்தது.

இரண்டு மிதி.

அவர் திரும்பினார்.

அதற்குப் பிறகு என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. டுவைட் கெஞ்சிக் கேட்டிருக்கிறான். "நான் திரும்புனேன்டா, அவ்வளவுதான்" என்பாராம். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாராம்.

மறுநாள் காலையில் டுவைட் வந்தான், குளிர் காற்று உள்ளே வராமல் தடுக்கும் குளிர்காலத்து ஜன்னலை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். வாசல் கதவு திறந்து கிடந்தது. விளக்கு பகலிலும் எரிந்தது. வீட்டுக்குள் வெளியில் இருக்கிற குளிர். ஆனால் வாடை... வெண்ணெயில் வெங்காயம் வதக்கிய வாடை. மூன்று வருஷமாக அந்த வீட்டில் இல்லாத வாடை அது. அடுப்பின் மேல் பெரிய பாத்திரம், கோழியும் நூடுல்ஸும் போட்டுக் காய்ச்சியது, அடியில் கொஞ்சம் மிச்சம். தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடு.

லோவெல் மேசையருகே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

டுவைட் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி கேட்டான். "மாமா, நீங்களா சமைச்சீங்க?"

அவர் முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

முன்னறைக்குப் போன டுவைட் அங்கேயே நின்றுவிட்டான். தட்டுகள் காலி. ஒன்றுகூட இல்லை. பூனை, ஆந்தை, சட்டி, ஊதல்... ஒன்றுமே இல்லை. தூசியில் அவை இருந்த இடம் மட்டும் சுத்தமாக, அச்சு அச்சாகத் தெரிந்தது. மேல் தட்டுகளில் இருந்தவையும் இல்லை. ஒரு நாற்காலி அதன் அடியில் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"யாரு வந்தது மாமா? யாரு எடுத்துட்டுப் போனது?"

"அவங்களோடது. எடுத்துக்கிட்டாங்க" என்றார் லோவெல்.

அவ்வளவுதான் சொன்னார். அவர் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஓரிகனுக்கு வா என்று மகள் எழுதுகிறாள், போவதில்லை. தகரம் வாங்குவதை விட்டுவிட்டார். காப்பிக் கடையில் கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள்.

டுவைட்டுக்கு மனசு ஆறவில்லை. முதியோர் இல்லத்தைத் தேடிக்கொண்டு போனான். லியோனா ஜன்னல் ஓரத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். தான் யார் என்று சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மாமா வீட்டு அம்மா எவ்வளவு நல்லவங்க" என்றாள். "ஹாலோவீன் அன்னிக்கு, இங்க சாப்பாடு போடுற நேரத்துல எனக்குப் போன் பண்ணாங்க. குரல் ரொம்ப தூரத்துல இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. 'பையன் வந்து சேந்துட்டான், இனி கவலப்படாதீங்க, சாப்புட்டுக்கிட்டு இருக்கான்'னாங்க."

டுவைட் அந்த வீட்டுச் சுவரை நினைத்தான். போன் இருந்த இடத்தில் ஆணி போன ஓட்டைகள்தான் இருந்தன. அத்தையைப் புதைத்தபோது அவனும் ஒரு பிடி மண் போட்டவன். அந்தக் கிழவியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுப்பானேன்?

எழுந்து கிளம்பினான். கதவு வரை போயிருப்பான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தம்பி" என்றாள் லியோனா. "அந்தம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"என்ன கேட்டாங்க?"

"'இவன் கூட வந்த மத்தப் பிள்ளைங்கள்லாம் யாரு வீட்டுப் பிள்ளைங்க'ன்னு கேட்டாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எமெட் தனியாத்தான் தம்பி தொலஞ்சான்."